திரும்பி வரத் தெரிந்த வண்டி

டாங்கி என்ற ஒன்று இருக்கும்போது, நாலு சக்கரமும் மெல்லிய தகடும் கொண்ட ஒரு காரை யார் போர்க்களத்துக்கு அனுப்புவார்கள்? பழைய போர்ப் படங்களில் ஆர்வமுள்ள இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஒரு கோப்பை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயமும்கூட. ஏனென்றால் இதற்கான பதில் ஒரு வண்டியின் கியர் பெட்டிக்குள்ளும் சக்கரத்தின் குடத்துக்குள்ளும் அதன் பின்பக்கம் இருந்த இரண்டாவது ஸ்டீயரிங்கிலும் ஒளிந்திருக்கிறது.

நான் சொல்லப்போகும் வண்டி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் ஓட்டிய டெய்ம்லர் கவச கார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து டெய்ம்லர் நிறுவனம் தயாரித்தது. இதை ஜெர்மன் டெய்ம்லரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1896இல் காட்லீப் டெய்ம்லரின் எஞ்சின் உரிமையை வாங்கித் தொடங்கியபோது பெயரும் கூடவே வந்தது. அதன்பின் இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகவே வளர்ந்தன. மொத்தம் 2,694 கவச கார்கள் கட்டப்பட்டன. அந்தப் போரில் இதைவிட அதிக எண்ணிக்கையில் ஓடிய கவச வண்டிகள் உண்டு. இதைவிடப் பெரிய பீரங்கி வைத்தவையும் உண்டு. ஆனால் தன் வேலை என்ன என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டு கட்டப்பட்ட வண்டி வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த வேலையைப் பார்த்துவிடுவோம். ஒரு தளபதியிடம் நூற்றுக்கணக்கான டாங்கிகள் இருக்கலாம். எதிரே இருக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாலம் நிற்கிறதா, உடைக்கப்பட்டுவிட்டதா? கிராமத்தில் எதிரி இருக்கிறானா, நேற்றிரவே கிளம்பிவிட்டானா? மரத்தடியில் ஒளித்து வைத்த பீரங்கி மேலே பறக்கும் விமானத்தின் கண்ணில் படாது. யாராவது ஒருவர் அந்தச் சாலையில் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் செய்தி எப்படிக் கிடைக்கும் என்றால், எதிரி அவர்கள்மீது சுடுவதன் மூலம் கிடைக்கும்.

ஆகவே வேவு பார்க்கப் போகும் வண்டி சுடப்படுவது விபத்தல்ல. அதன் அன்றாடத்தில் அதுவும் ஒரு பகுதி. சுட்டவனோடு நின்று சண்டை போடுவது அதன் கடமை இல்லை. பார்த்ததை ஒயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, உயிரோடு திரும்பி வந்து, அடுத்த சாலையில் மறுபடி போக வேண்டும். போகும் வேகத்தைவிடத் திரும்பும் வேகம்தான் இங்கே முக்கியம். டெய்ம்லர் காரில் நான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகும் உறுப்புகளை இந்த ஒரு தேவையை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சங்கிலிப் பட்டையில் ஓடும் டாங்கி இந்த வேலைக்கு ஏன் சரிப்படவில்லை என்றால், அது வருவது தூரத்திலேயே கேட்டுவிடும். இரும்புப் பட்டை சாலையில் அரைபடும் ஓசை, அதன் கிறீச்சிடல், பெரிய எஞ்சினின் உறுமல் எல்லாம் சேர்ந்து முன்கூட்டியே அறிவித்துவிடும். பட்டைகள் சீக்கிரம் தேயும்; எரிபொருளை நிறையக் குடிக்கும். ரப்பர் டயரில் ஓடும் வண்டி சத்தமில்லாமல் வரும், நாளெல்லாம் ஓடும், சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும். சேற்றிலும் பள்ளத்திலும் டாங்கி போகுமிடமெல்லாம் அது போக முடியாது என்பது உண்மைதான். அந்தக் குறையை எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

அதற்கு முன்பிருந்த கவச கார்கள் பெரும்பாலும் வேறு வண்டிகளின்மேல் கட்டப்பட்டவை. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற ரோல்ஸ்-ராய்ஸ் கவச கார், பணக்காரர்கள் ஓட்டிய சொகுசு காரின் சேஸின்மீது இரும்புத் தகடு அடித்துச் செய்தது. 1940இல் லிபிய எல்லையில் இத்தாலியரை எதிர்கொண்டு நின்ற 11வது ஹுஸார்ஸ் படையிடம்கூட 1924 மாதிரி ரோல்ஸ்-ராய்ஸ் கார்கள் இருந்தன. ஹம்பர் என்ற இன்னொரு கவச கார், இந்திய ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட காரியர் பீரங்கி இழுவை வண்டியின் சேஸிலிருந்து பிறந்தது. அவசரத்துக்கு இது நல்ல வழி. ஆனால் லாரி சேஸின் பிரச்சினை அதன் உயரம். தரையிலிருந்து முதலில் ஆக்சில், அதன் நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை, அதற்கு மேல் பட்டை ஸ்பிரிங், அதற்கு மேல் சேஸ் சட்டம், அதற்கும் மேலேதான் ஆட்கள் உட்காரும் தளம். வண்டி உயரமாகிவிடும். வேலிக்கு மேல் தலை தெரியும் வேவு வண்டியைக் குறிவைப்பது எளிது.

இந்த உயரத்தை வெட்டுவதற்கான வழி முதலில் ஒரு சின்ன வண்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. டெய்ம்லரின் தாய் நிறுவனமான பிஎஸ்ஏ 1938வாக்கில் இரண்டு பேர் உட்காரும் வேவு காரை வடிவமைத்தது. டிங்கோ என்ற பெயரில் அது பிரபலமானது. உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். நிமிர்ந்து நிற்கும் ஒரு ஆளைவிடக் குட்டை. அது வெற்றிபெற்றதும், அதே அமைப்பைப் பெரிதாக்கி, மேலே பீரங்கிக் கூண்டு வைத்து ஒரு கார் செய்யலாமே என்று யோசித்தார்கள். யோசனை சரி, செயல்படுத்துவது சுலபமாக இல்லை. டிங்கோ மூன்று டன்தான். பெரிய அண்ணன் ஏழரை டன். அந்த எடையைத் தாங்காமல் உள்ளிருந்த பற்சக்கரங்கள் தொல்லை கொடுத்தன. 1939இலேயே முன்மாதிரிகள் ஓடத் தொடங்கியிருந்தும், தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வரத் தொடங்கியது 1941இல்தான். இடையில் 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவு கோவென்ட்ரி நகரமே குண்டுவீச்சில் எரிந்தது.

இப்போது வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்போம். சாதாரண லாரியின் அடியில் என்ன தெரியும்? எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் நடுவில் ஓடிவந்து பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியலில் சேரும். அங்கிருந்து இடதும் வலதுமாகச் சக்கரங்களுக்குச் சக்தி பிரியும். நாலு சக்கரத்துக்கும் சக்தி வேண்டுமென்றால் முன்னாலும் அதேபோல் ஒரு ஆக்சில், ஒரு டிஃபரன்ஷியல். டெய்ம்லர் கவச காரின் அடியில் இது எதுவும் இருக்காது. குறுக்காக ஓடும் ஆக்சிலே கிடையாது. சேஸ் சட்டமும் கிடையாது. கவசத் தகடுகளால் ஆன உடற்கூடே வண்டியின் எலும்புக்கூடு. சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் நேரடியாக அதில் மாட்டப்பட்டவை.

சக்தி எப்படிப் போகிறது என்றால், எஞ்சின் பின்னால் இருக்கிறது. அது கியர் பெட்டி வழியாக வண்டியின் நடுவில் இருக்கும் ஒரு பகிர்வுப் பெட்டிக்குச் சக்தியைக் கொடுக்கிறது. வண்டிக்கே ஒரே ஒரு டிஃபரன்ஷியல். அது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அது சக்தியை இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஷாஃப்ட் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் உடற்கூட்டின் ஓரமாகவே ஓடி, சக்கரத்துக்கு நேராக வந்ததும் பற்சக்கரப் பெட்டியில் திரும்பிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேலிருந்து பார்த்தால் ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்து. பொறியாளர்கள் இதை எச்-டிரைவ் என்றே சொல்வார்கள். நடுவில் எதுவும் ஓடாததால் ஆட்கள் உட்காரும் தளத்தை இரண்டு வரிசை ஷாஃப்ட்டுகளுக்கு இடையில் கீழே இறக்கிவிடலாம். பீரங்கிக் கூண்டையும் சேர்த்தே வண்டியின் உயரம் 2.26 மீட்டர்.

உயரம் குறைந்தது மட்டுமல்ல. டிஃபரன்ஷியல் உள்ள எந்த வண்டிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் சக்தியெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே ஓடி, அது சும்மா சுழலும், வண்டி அசையாது. எச்-டிரைவில் ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. இடது முன்சக்கரம் பள்ளத்தின் மேல் காற்றில் தொங்கினாலும் இடது பின்சக்கரம் தரையைப் பிடித்துத் தள்ளும். ஒரு பக்கத்தின் இரண்டு சக்கரங்களும் ஒருசேர வழுக்கினால்தான் வண்டி நிற்கும். திரும்பி வந்தாக வேண்டிய வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் போகும் வட்டம் பெரியது, பின்சக்கரம் போகும் வட்டம் சிறியது. இரண்டும் பூட்டப்பட்டிருப்பதால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். மணலிலோ மண்ணிலோ டயர் சற்று வழுக்கி அந்த இழுவையைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் ஷாஃப்ட்டுகளிலும் பற்சக்கரப் பெட்டிகளிலும் ஏறிக்கொண்டே போகும். டயர் தேயும், பற்கள் தேயும். இந்த வகை வண்டிகளை ஓட்டுகிறவர்கள் இன்றும் அவ்வப்போது சக்கரங்களைச் சாலையோர மண்ணில் இறக்கி ஓட்டி முறுக்கத்தை விடுவிக்கிறார்கள். நீண்ட தூரம் நல்ல சாலையில் ஓடுவதற்கென்றே செய்யும் வண்டிக்கு இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது நல்ல சாலை முடிகிற இடத்துக்கான அமைப்பு.

அடுத்து சக்கரத்தின் குடம். எஞ்சின் வேகமாகச் சுழலும். சக்கரம் மெதுவாக, ஆனால் வலுவாகச் சுழல வேண்டும். அந்த வேகக் குறைப்பை வழியிலேயே செய்துவிட்டால் ஷாஃப்ட்டுகள் பெரும் முறுக்கு விசையைச் சுமக்க வேண்டும். தடிமனாகவும் கனமாகவும் ஆகிவிடும். டெய்ம்லரில் குறைப்பின் கடைசிக் கட்டத்தைச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே வைத்தார்கள். நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள், வெளியே பல்வைத்த வளையம் என்று எபிசைக்ளிக் முறை. ஷாஃப்ட்டுகள் மெலிதாகவே இருந்தும் முதல் கியரில் வண்டி மிகச் செங்குத்தான மேட்டில் ஏறும்.

இதனால் எதிர்பாராத ஒரு விளைவு வந்தது. அந்தக் காலத்தில் பிரேக் என்றால் டிரம் பிரேக்தான்; அது உட்காரும் இடம் குடத்தின் உள்பக்கம். அங்கே இப்போது பற்சக்கரங்கள் அடைத்துக்கொண்டுவிட்டன. டிரம்முக்கு இடமில்லை. ஆகவே கர்லிங் நிறுவனம் செய்த டிஸ்க் பிரேக்கை இதில் பொருத்தினார்கள். சுழலும் தட்டை இருபக்கமும் பிடித்து நிறுத்தும் அந்த யோசனைக்கு 1902இலேயே பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் சாலையில் ஓடும் கார்களில் அது பரவியது 1950களில்தான். 1953இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் கார் ஜெயித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே ஒரு போர் வண்டி, இடமில்லாத காரணத்தால், அதைப் பயன்படுத்திவிட்டது. இன்று நம்மூர் பைக்கிலேயே முன்சக்கரத்தில் அந்தத் தட்டு மின்னுகிறது.

கியர் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்தக் காலத்து லாரியில் கியர் மாற்றுவது ஒரு தனிக் கலை. கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, மறுபடி மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் கேட்டுப் பொருத்தி, பல் உரசாமல் தள்ள வேண்டும். குண்டு விழும்போது, இருபது வயது ஓட்டுநரின் கை நடுங்கும்போது, இது நடக்காது. டெய்ம்லரில் வழக்கமான கிளட்சே இல்லை. அதன் இடத்தில் ஃப்ளூயிட் ஃப்ளைவீல் என்ற எண்ணெய் இணைப்பு இருந்தது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்குமல்லவா? அதேதான் இங்கேயும், காற்றுக்குப் பதில் மூடிய கூட்டுக்குள் எண்ணெய். எஞ்சின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயை வீச, கியர் பெட்டிப் பக்கத்து இறக்கைகள் அதை வாங்கிக்கொண்டு சுழலும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் வழுக்கும். வண்டி நின்றபடியே இருக்கும், எஞ்சினும் அணையாது. வேகம் கூடினால் பிடிப்பு தானாக வரும். நெருக்கடியான நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடும் தவறை ஓட்டுநர் செய்ய முடியாது.

இதை ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக உருவாக்கினார். டெய்ம்லர் நிறுவனம் 1930இல் அதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதற்குத் துணையாகப் போடப்பட்டது வில்சன் முன்தேர்வு கியர் பெட்டி. ஓட்டுநர் அடுத்து வேண்டிய கியரை ஒரு சின்ன நெம்புகோலில் முன்பே தேர்ந்து வைத்துவிடுவார். அப்போது எதுவும் நடக்காது. தேவையான கணத்தில் காலால் ஒரு பெடலை மிதித்து விட்டால் கியர் மாறிவிடும். கண் சாலையில் இருக்கும்; கை ஸ்டீயரிங்கில் இருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டியதில்லை. லண்டனின் புகழ்பெற்ற ஆர்டி பேருந்துகளிலும் இதே எண்ணெய் இணைப்பு, இதே வகை கியர் பெட்டி. நகர நெரிசலில் நாளெல்லாம் நின்று நின்று போகும் ஓட்டுநருக்கும், பதுங்கியிருக்கும் பீரங்கிக்கு முன்னால் போகும் ஓட்டுநருக்கும் ஒரே கருவி உதவியது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கியர் பெட்டியை உருவாக்கிய வால்டர் கார்டன் வில்சன், 1915இல் வில்லியம் டிரிட்டனோடு சேர்ந்து உலகின் முதல் டாங்கியை வடிவமைத்தவர்.

இப்போது ரிவர்ஸ். எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் முன்னால் போக நாலைந்து கியர், பின்னால் போக ஒன்று. டெய்ம்லரில் பின்னால் போகவும் ஐந்து கியர்கள்! பகிர்வுப் பெட்டியில் ஒரு தனி நெம்புகோல், முன்னா பின்னா என்று திசையை மட்டும் மாற்றும். அதன்பின் ஐந்து கியரும் அந்தத் திசையில் வேலை செய்யும். ஒரு வளைவைத் தாண்டுகிறீர்கள், இருநூறு மீட்டரில் பீரங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய கிராமத்துச் சாலை, இருபுறமும் உயரமான வேலி. திருப்ப இடமில்லை. திருப்பினாலும் வண்டியின் மெல்லிய பக்கவாட்டைக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே திருப்பாமல், முகத்தை எதிரிக்குக் காட்டியபடியே, வந்த வழியில் வேகமாகப் பின்வாங்க வேண்டும்.

வேகமாகப் பின்வாங்க எஞ்சின் தயார். ஓட்டுநருக்குப் பின்னால் கண் இல்லையே. அவர் முன்பக்கம் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். டிங்கோவில் இதற்காக ஓட்டுநர் இருக்கையைச் சற்றுச் சாய்கோணத்தில் வைத்தார்கள், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வசதியாக. கூண்டு வைத்த பெரிய காரில் அது முடியாது. எனவே கூண்டுக்குப் பின்புறம், பின்னோக்கிய இரண்டாவது ஸ்டீயரிங் ஒன்றை வைத்தார்கள். அவசரத்தில் வண்டியின் தலைவர் திரும்பிப் பின்பக்கம் பார்த்தபடி அதைப் பிடித்துத் திசை செலுத்துவார். இந்தச் சிந்தனை டெய்ம்லருக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியின் எட்டுச் சக்கரக் கவச காரிலும் பிரான்சின் பனார் 178இலும் பின்னால் ஓட்ட ஒரு தனி ஓட்டுநரே இருந்தார். மூன்று நாட்டினரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால், வேலை அவர்களுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

தனி ஓட்டுநர் என்பதில்தான் டெய்ம்லரின் பெரிய குறை தெரிகிறது. ஜெர்மன், பிரெஞ்சு வண்டிகளில் நாலு பேர். டெய்ம்லரில் மூன்றே பேர்: முன்னால் ஓட்டுநர், கூண்டுக்குள் சுடுபவர், தலைவர். இந்தத் தலைவரின் வேலைகளை எண்ணிப் பாருங்கள். எட்டிப் பார்த்து எதிரியைத் தேட வேண்டும். வரைபடம் படிக்க வேண்டும். ஒயர்லெஸ்ஸில் பேச வேண்டும். சண்டை வந்தால் பீரங்கிக்குக் குண்டு நிரப்ப வேண்டும். பின்வாங்கும்போது ஸ்டீயரிங்கையும் பிடிக்க வேண்டும். பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்ட மனிதரின் கண்ணை இத்தனை வேலைகள் பறித்தன. எடையைக் குறைக்க இப்படிச் செய்தார்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் இது தவறான சிக்கனம் என்றே நினைக்கிறேன்.

ஆயுதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 மில்லிமீட்டர் குழாய் கொண்ட 2-பவுண்டர் பீரங்கியும் அதனருகில் பெசா இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன. 1941இல் அந்தப் பீரங்கி இலேசான டாங்கிகளைத் துளைக்கும். 1944இல் ஜெர்மன் டாங்கிகள் முன் அது போதவில்லை. செக் பொறியாளர் யானெச்செக் வடிவமைத்த குறுகிய முனைக் குழாயைச் சில வண்டிகளில் பொருத்தி, குண்டை நெருக்கி வேகமாக அனுப்பிப் பார்த்தார்கள். கவசம் மிகத் தடிமனான இடத்தில் 16 மில்லிமீட்டர். ரைபிள் தோட்டாவையும் குண்டுச் சிதறலையும் தடுக்கும். பீரங்கிக் குண்டைத் தடுக்காது. உள்ளே இருந்த மூவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

ஐரோப்பாவில் இவை பெரும்பாலும் இரண்டு டெய்ம்லர், இரண்டு டிங்கோ என்று நாலு வண்டிக் குழுவாகப் போயின. குட்டையான, சத்தம் குறைந்த டிங்கோ முன்னே போய் வளைவில் எட்டிப் பார்க்கும். டெய்ம்லர் சற்றுப் பின்னால் நின்று பீரங்கியோடு காவல் காக்கும். அந்த அமைப்பு எதைச் சாதித்தது என்பதற்கு 1944 ஜூலை 31ஆம் தேதி காலை நார்மண்டியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் 11வது கவச டிவிஷன் தெற்கு நோக்கி முன்னேற முயன்றுகொண்டிருந்தது. வழியில் சூலூவ்ர் ஆறு. பெரிய ஆறில்லை, ஆனால் டாங்கிகளுக்குப் பாலம் வேண்டும். 2வது ஹவுஸ்ஹோல்ட் கேவல்ரியின் லெப்டினன்ட் பவல் தலைமையில் ஒரு வேவுக் குழு கிளம்பியது. வழியிலேயே குழு பிரிந்து, ஒரு டிங்கோவும் ஒரு டெய்ம்லரும் மட்டும் மிஞ்சின. இரண்டும் ஒரு காட்டுப் பாதையில் நுழைந்து, ஜெர்மன் படைகளைக் கடந்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டன. போய்ப் பார்த்தால் ஆற்றின் மேல் ஒரு கல் பாலம், முழுசாக நிற்கிறது, காவலுக்கு இருந்ததோ ஒரே ஓர் ஆள்.

எப்படி இது சாத்தியமானது? இரண்டு ஜெர்மன் டிவிஷன்களின் எல்லைக் கோடு அந்த இடத்தின் வழியாகத்தான் போனது. பாலத்தைக் காப்பது அடுத்தவர் பொறுப்பு என்று இரு தரப்பும் நினைத்திருந்தன. தளபதியின் வரைபடத்தில் இது தெரியாது. விமானப் படத்திலும் தெரியாது. இரண்டு சின்ன வண்டிகள் நேரில் போனதால் மட்டுமே தெரிந்தது. அவர்கள் காவலாளியைச் சமாளித்துவிட்டு, மரங்களுக்கு நடுவே வண்டிகளை மறைத்து, ஒயர்லெஸ்ஸில் செய்தி சொல்லி, உதவி வரும்வரை அங்கேயே காத்திருந்தார்கள். தலைமையகத்தில் முதலில் நம்ப முடியவில்லை. பிறகு குரோம்வெல் டாங்கிகள் விரைந்து வந்தன. அந்தப் பாலத்தின் வழியே டிவிஷன் பாய்ந்து ஜெர்மன் வரிசையில் பெரிய ஓட்டையைத் திறந்தது. இன்றும் அது டிக்கி பாலம் என்றே சொல்லப்படுகிறது; டிக்கி என்பது பவலைத் தோழர்கள் அழைத்த பெயர்.

ஏழரை டன் எடையும் 95 குதிரைசக்தி எஞ்சினும் கொண்ட வண்டி அது. இன்று நாம் கடைக்குப் போகும் சின்ன கார்களே ஏறத்தாழ அந்தச் சக்தியோடு ஓடுகின்றன. அதன் பீரங்கியிலிருந்து ஒரு குண்டுகூட அந்தப் பாலத்தின் கதையை முடிவுசெய்யவில்லை. முடிவுசெய்தது சத்தமில்லாமல் அங்கே போனதும், ஒயர்லெஸ்ஸில் சொன்ன ஒரு செய்தியும்.

போரின் கடைசிப் பகுதியில் சில படைப்பிரிவுகள் இன்னும் ஒரு படி போய், சில டெய்ம்லர்களின் பீரங்கிக் கூண்டையே கழற்றிவிட்டன. வண்டி இன்னும் குட்டையானது, இலேசானது, சுற்றிலும் நன்றாகப் பார்க்க முடிந்தது. கூண்டை அறுத்த இந்த வண்டிகளுக்கு வீரர்களே ஒரு செல்லப் பெயரும் வைத்தார்கள். தலைக்கு மேலிருந்த காப்பைத் தாங்களே எடுத்தெறிந்த அந்த முடிவு எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது. பீரங்கியைவிட மறைவும் பார்வையும்தான் தங்களை உயிரோடு வைத்திருக்கின்றன என்று, வண்டிக்குள் உட்கார்ந்தவர்களே சொன்ன தீர்ப்பு அது.

நமக்கும் இந்த வண்டிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜெனரல் ஸ்லிம்மின் 14வது படை 1945இல் பர்மாவை மீட்டபோது, இந்திய ராணுவத்தின் 16வது லைட் கேவல்ரி அதன் கவச கார் ரெஜிமென்ட்டுகளில் ஒன்றாக இருந்தது. அதன் வண்டிகளில் ஒரு பகுதி டெய்ம்லர்கள். இந்திய ராணுவத்தின் மிகப் பழைய கவச ரெஜிமென்ட் இது. அதன் வேர் 1776வாக்கில் ஆற்காடு நவாபின் குதிரைப்படையில் இருக்கிறது. பர்மாவில் அதை வழிநடத்தியவர் ஜே. என். சௌத்ரி, பின்னாளில் இந்திய ராணுவத் தளபதி ஆனவர். ஆற்காட்டுக் குதிரை வீரனும் முன்னே போய்ப் பார்த்துத் திரும்பத்தான் அனுப்பப்பட்டிருப்பான்.

போர் முடிந்த பின்னும் டெய்ம்லர்கள் பல நாடுகளில் ஓடின. இலங்கை ராணுவம் 1950களில் தன் கவசப் படையை அமைத்தபோது அதிலும் இருந்தன. அவற்றுக்கு வாரிசாகக் கோவென்ட்ரியில் இரண்டு வண்டிகள் பிறந்தன. ஆறு சக்கர சாலடின் கவச காரை ஆல்விஸ் நிறுவனம் கட்டியது. டிங்கோவின் இடத்தில் ஃபெரட் என்ற வேவு காரை டெய்ம்லரே கட்டியது. இலங்கையில் இரண்டையுமே பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். இரண்டிலும் ஷாஃப்ட்டுகள் உடற்கூட்டின் ஓரமாகவே ஓடின. எண்ணெய் இணைப்பும் முன்தேர்வு கியர் பெட்டியும் தொடர்ந்தன. தார்ச்சாலையில் முறுக்கம் ஏறும் பழைய தொல்லையும் கூடவே வந்தது. ஃபெரட்டில் பின்பக்க ஸ்டீயரிங் இல்லை. பின்னால் போகும் ஐந்து கியர்களை மட்டும் யாரும் குறைக்கவில்லை.